மேடைக்கு மேல் ஒன்பது அங்குலம்

சென்னைப் புறநகரான பம்மலில் எழும்பும் எந்த வீட்டிலும் செங்கல் சுவர் முடிந்து பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் வரும். எலக்ட்ரீஷியன் கட்டிங் மெஷினோடு வந்து நின்று, "போர்டு எங்கெங்க வரணும்னு சொல்லிடுங்க" என்பார். அன்றைக்குச் சமையலறையில் மேடை இருக்காது, சிங்க் இருக்காது, டைல்ஸ் இருக்காது. வெறும் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்காரர், "வழக்கமா வைக்கிற இடத்துல வைங்க தம்பி" என்பார். மிக்சி எங்கே நிற்கும், கிரைண்டர் வயர் எதன் குறுக்கே போகும், ஈரக் கை எந்த ஸ்விட்சைத் தொடும் என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடுத்த 30 ஆண்டுகளுக்கு முடிவாகிவிடுகிறது. அந்த மேடையில் தினமும் நிற்கப்போகிறவர் பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பதேயில்லை.

எங்கள் பழைய வீட்டில் வழக்கமான இடம் என்பது கதவை ஒட்டிய சுவர், தரையிலிருந்து நாலரை அடி. மரப்பெட்டியில் ஹைலம் தகடு பொருத்தி இரண்டு விளக்கு ஸ்விட்ச், ஒரு 5 ஆம்ப்ஸ் பிளக். மேடை எதிர்ச்சுவரில். மிக்சியின் வயர் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல், மேடைக்கு எட்டாது. அம்மா கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் மிக்சியை வைத்துத் தேங்காய் அரைத்தார். பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வந்தது. அது மேடைக்கு வந்து, நாளடைவில் நகர்ந்து நகர்ந்து சிங்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு நாள் கிரைண்டர் கல்லைக் கழுவித் தூக்கும்போது அம்மாவின் முழங்கை வரை சுர்ரென்று இழுத்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிளக் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியை நான் அதற்குப் பிறகு விடவில்லை. வயரிங் புத்தகங்களிலும் அடுத்தவர் வீட்டு மேடைகளிலும் தேடிப் பார்த்ததன் தொகுப்புதான் இந்தக் கட்டுரை.

நம் பகுதிக்கு மின்சாரம் புதிதல்ல. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். ஆனால் அடுப்படிக்குள் பிளக் நுழையப் பல பத்தாண்டுகள் ஆயின. அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த வரை அங்கே ஒரு விளக்கு போதுமானதாக இருந்தது. 1960-களில் நம் மசாலாவை அரைக்கும் வலுவோடு சுமீத் மிக்சி வந்தது. கோயம்புத்தூர் கிரைண்டர்கள் பரவின. பின்னாளில் புவிசார் குறியீடே பெற்றன. ஏழை வீடுகளைப் பொறுத்தவரை திருப்பம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம். ஒரே நாளில் மூன்று பொருள்கள் ஒரு வீட்டுக்குள் வந்தன. பல வீடுகளில் சமையலறைக்கென்று இருந்ததோ ஒரே ஒரு பிளக். பொருள் வந்துவிட்டது, பாயிண்ட் வரவில்லை. அதன்பின் இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், ஆர்.ஓ., சிம்னி, கெட்டில், ஏர் ஃபிரையர் என்று வரிசை நீண்டது. 2022, 2023-இல் சென்னையில் வீட்டு சிலிண்டர் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது இண்டக்‌ஷன் வாங்காத தெரு இல்லை. சுவர்கள் மட்டும் பழையபடியே நின்றன.

விதிகள் என்ன சொல்கின்றன? அன்றைய இந்தியத் தர நிர்ணய நிறுவனம் (ஐ.எஸ்.ஐ.) 1985-இல் வெளியிட்ட தேசிய மின் விதித்தொகுப்பு, வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் எத்தனை பிளக் என்று ஒரு பட்டியலைப் பரிந்துரைத்தது. சமையலறைக்கு 5 ஆம்பியர் ஒன்று, 15 ஆம்பியர் இரண்டு. ஃபிரிட்ஜுக்குத் தனியாக ஒரு 15. எத்தனை என்பதை அந்தப் பட்டியல் காட்டுகிறது. எங்கே என்பதை எனக்குத் தெளிவாகச் சொன்னது மத்தியப் பொதுப்பணித் துறை உள்கட்டட மின்பணிகளுக்காக வைத்திருக்கும் பொது விவரக்குறிப்பு. சமையலறை பிளக், வேலை செய்யும் மேடைக்கு மேல் 23 சென்டிமீட்டர் உயரத்தில், அடுப்பும் சிங்கும் வரக்கூடிய இடங்களிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்கிறது அது. 23 சென்டிமீட்டர் என்பது நம் கணக்கில் ஒன்பது அங்குலம். அரசுக் குடியிருப்புகளுக்காக எழுதப்பட்ட ஒற்றை வரி இது. நான் படித்தவற்றில் ஒரு தமிழ்ச் சமையலறைக்கு இவ்வளவு பொருந்தும் வேறு வரி இல்லை.

ஏன் ஒன்பது அங்குலம்? இங்கிலாந்தில் மேடைக்கு மேல் 15 சென்டிமீட்டர் இருந்தால் போதும் என்பது வழக்கம். அங்கே மேடையைத் துணியால் துடைப்பார்கள். நாம் கழுவுகிறோம். இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்பைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, சோப்பு போட்டுத் தேய்த்து, சொம்புத் தண்ணீரை மேடையில் ஊற்றித் தள்ளுகிறோம். பின்சுவர் டைல்ஸ் மீதும் வீசி ஊற்றுகிறோம். ஆறு அங்குலத்தில் இருக்கும் பிளக்கின் துளைக்குள் அந்தத் தண்ணீர் தெறிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. பிளக் உயரத்தில் இருந்தால் வயர் அதிலிருந்து கீழே இறங்கி, ஒரு வளைவு போட்டுப் பொருளுக்குப் போகும். வயர் வழியே எங்கிருந்து நீர் வழிந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்; பிளக் வரை ஏறாது. மாவு ஆட்டும்போது கல்லில் தெளிக்கும் நீரும் வழிக்கும்போது சிந்தும் மாவும் கிரைண்டர் வயரைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வளைவின் அருமை தெரியும்.

ஒன்பதுக்கு மேல் ஏற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. பன்னிரண்டு வரை சரி. பதினெட்டு, இருபது என்று போனால் வயர் கண்ணெதிரே தொங்கும், கரண்டி மாட்டும் கம்பியோடு சிக்கும், மேல் அலமாரியின் அடிப்பலகையில் முட்டும்.

உயரத்தை விடச் சிக்கலானது பக்கவாட்டு இடம். இங்கே நம் வாஸ்து வழக்கம் குறுக்கே வருகிறது. நம்புகிறவரும் நம்பாதவரும் வீட்டை விற்கும்போது விலை போக வேண்டுமே என்று அதைப் பின்பற்றுகிறார்கள். அக்னி மூலையான தென்கிழக்கில் அடுப்பு, கிழக்கு பார்த்துச் சமையல், வடகிழக்குப் பக்கம் சிங்க். அரை கிரவுண்டில் கட்டிய வீட்டில் கிழக்குச் சுவர் மேடை எட்டடி இருந்தால் பெரிது. அதில் அடுப்புக்கு இரண்டரை அடி, சிங்குக்கு இரண்டடி போக நடுவில் எஞ்சுவது மூன்றரை அடி. நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் அந்த மூன்றரை அடியில்தான் காய் நறுக்க வேண்டும், மிக்சி நிற்க வேண்டும், கிரைண்டர் நிற்க வேண்டும், பிளக்கும் வர வேண்டும். அதற்கு நேர் மேலே ஜன்னல் வேறு. மேடை இரண்டே முக்கால் அடி, ஜன்னல் அடிக்கட்டை மூன்றரை அல்லது நாலடி என்றால் நடுவில் கிடைக்கும் சுவர் ஒன்பதிலிருந்து பதினைந்து அங்குலம். பிளக்கை அங்கே திணித்தால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கு ஜன்னல் வழியே சாரலை நேரே அதன்மேல் அடிக்கும். பம்மலில் இப்படி ஜன்னலடியில் வைத்துவிட்டு, மழைக்காலத்தில் பாலிதீன் பை சுற்றி வைத்திருக்கும் போர்டுகளை மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

என் முடிவு இது: ஜன்னல் சுவரில் பிளக் வேண்டாம். மேடையை எல் வடிவமாகத் திருப்பி, பக்கச் சுவரில் இரண்டடி மேடையாவது கொடுத்து, மிக்சியையும் கிரைண்டரையும் அங்கே நிறுத்த வேண்டும். திருப்ப இடமில்லாத ஒற்றை மேடையானால் ஜன்னலை அடுப்பு பக்கமாகச் சற்று ஒதுக்கி, நடு மேடைக்குப் பின்னால் முழுச் சுவராக இரண்டடி விட வேண்டும். செங்கல் வைக்கும்போது மேஸ்திரியிடம் சொன்னால் இது செலவில்லாமல் முடியும் வேலை. பிறகு எவ்வளவு செலவழித்தாலும் முடியாது.

சிங்க் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம்? பிரிட்டன் வழிகாட்டுதல்களில் குறைந்தது 30 சென்டிமீட்டர் என்று வரும். நம் சிங்க் அதைவிட அதிகம் தெறிக்கும். பெரிய குண்டானையும் இட்லிப் பானையையும் அதில் சாய்த்துக் கழுவுகிறோம். இரண்டடி என்பது என் அளவு. முடியாத இடத்தில் ஒன்றரைக்குக் கீழே வேண்டாம். சிங்க் சுவரின் மறுபக்கம் குளியலறை இருந்தால் அந்தச் சுவரையே தவிர்க்கலாம். ஓதம் ஏறிய சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டி சில ஆண்டுகளில் துருவேறுவதை ரீவயரிங் செய்யும் எவரும் கழற்றிக் காட்டுவார்.

ஆனால் ஆர்.ஓ. மெஷினை என்ன செய்வது? பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரைக் கெடுத்தது. போர் தண்ணீரை அப்படியே குடிக்க வழியில்லை. கேன் தண்ணீர் இல்லையென்றால் ஆர்.ஓ. இங்கே அது வசதிப் பொருளாக வந்ததில்லை. அந்த மெஷினுக்கு வரும் குழாயும் கழிவுக் குழாயும் சிங்கிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே தண்ணீரிலிருந்து விலக்க வேண்டிய பிளக் ஒன்றைத் தண்ணீர்ப் பக்கமே வைத்தாக வேண்டிய கட்டாயம். இதற்கு வழி உயரம். மெஷின் சிங்குக்கு நேர் மேலே தொங்காமல் ஒரு பக்கம் விலகியிருக்கட்டும். அதன் பிளக் தரையிலிருந்து ஐந்தரை, ஆறடியில், மெஷினின் மேல் மட்டத்துக்குச் சமமாக, சிங்க் இல்லாத பக்கம் இருக்கட்டும். குழாய் எங்கே கசிந்தாலும் நீர் கீழேதான் இறங்கும். மெஷினுக்கு அடியில் பிளக் வைப்பது மிகப் பரவலான தவறு. ஃபில்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூடியிலிருந்து சிந்தும் நீர் நேராக அதில் விழும்.

அடுப்புப் பக்கத்துக்கு வருவோம். அடுப்புக்குப் பின்சுவரில் எந்த உயரத்திலும் பிளக் கூடாது. தாளிக்கும் எண்ணெய்ப் புகை படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, ஸ்விட்ச் பிசுபிசுக்கும். அதோடு, கொதிக்கும் குழம்புக்கு மேலே கையை நீட்டித்தான் அதை அணைக்க வேண்டியிருக்கும். சிம்னி வைப்பவர்கள் அதன் பிளக்கைப் புகைக்கூண்டுக்கு மேலே, லாஃப்ட் பக்கம் ஒதுக்கி வைத்து, ஸ்விட்சை மட்டும் கைக்கெட்டும் இடத்துக்குக் கீழே இறக்க வேண்டும். மேடைக்கு அடியில் இன்னும் கவனம் தேவை. சிலிண்டரில் இருக்கும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து ஜன்னல் வழியே போகாது. தரையில் படர்ந்து தேங்கும். அந்த மட்டத்தில் ஒரு ஸ்விட்சைப் போட்டால் உள்ளே தெறிக்கும் சிறு பொறி போதும். தொட்டி போல மேடைக்கடியில் கதவு போட்டு மூடிய இடத்தில் சிலிண்டரும் பாத்திரம் கழுவும் மெஷினின் பிளக்கும் ஒன்றாக இருப்பதை நான் எந்தச் சமாதானத்துக்கும் ஏற்கமாட்டேன். கீழே பிளக் வேண்டுமானால் சிலிண்டர் இல்லாத அறையில், அதன் ஸ்விட்ச் மேடைக்கு மேலே.

இப்போது எத்தனை, எந்த வகை என்ற கேள்வி. பிரிட்டன் 1947-இல் உருண்டை முள் பிளக்கைக் கைவிட்டு, எந்தப் பொருளுக்கும் ஒரே 13 ஆம்பியர் பிளக் என்று தரப்படுத்தியது. அதே ஆண்டு விடுதலை பெற்ற நாம் அவர்கள் விட்டுப்போன உருண்டை முள்ளையே வைத்துக்கொண்டோம்; முன்பு 5, 15; இப்போது 6, 16. இலங்கையும் அண்மைக் காலத்தில் 13 ஆம்பியருக்கு மாற முடிவெடுத்தது. இரண்டு அளவு இருப்பதால் நம் வீட்டில் ஒரு கூடுதல் சுமை: பிளக்கின் இடத்தோடு அதன் அளவையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இண்டக்‌ஷன் வைக்க நினைத்த மூலையில் 6 ஆம்ப்ஸ் இருந்தால் அந்த மூலை வீண். அதற்காக ஒரு மாற்று முள் வாங்கிச் செருகினால் உள்ளே தகடு சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். மேடைக்கு மேல் வைக்கும் எல்லாப் பிளக்கும் 6, 16 இரண்டும் ஏற்கும் வகையாக இருக்கட்டும் என்பதே நான் பார்த்த நல்ல எலக்ட்ரீஷியன்கள் சொல்வது. விலை வித்தியாசம் சொற்பம்.

அமெரிக்க விதி ஒன்று இங்கே உதவும். சமையல் மேடையின் சுவரோரத்தில் எந்தப் புள்ளியிலிருந்தும் இரண்டடிக்குள் ஒரு பிளக் இருந்தாக வேண்டும் என்கிறது அது. அங்கே சிறு சமையல் கருவிகளுக்கு இரண்டடி வயர்தான். வயர் அடுப்பின் மேலோ சிங்கின் குறுக்கேயோ போகக் கூடாது என்பதற்காகப் பிறந்த கணக்கு. நம் வயர் அதைவிட நீளம் என்பதால் அதே கணக்கில் நாலடிக்கு ஒரு ஜோடி தாராளமாகப் போதும். காரணத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: எந்த வயரும் அடுப்பையும் சிங்கையும் தாண்டக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாத வரைபடத்தை எலக்ட்ரீஷியனிடம் கொடுக்காதீர்கள்.

பாயிண்ட் பெருகினால் மட்டும் போதாது. பின்னால் இருக்கும் லைன் தாங்க வேண்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் இண்டக்‌ஷன் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் கெட்டில் 6.5. இரண்டும் சேர்ந்து 15.2. அந்த நேரத்தில் சட்னிக்கு 750 வாட் மிக்சியைத் தட்டினால் இன்னொரு 3.3, மொத்தம் 18.5. இது 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் அளவைத் தாண்டிய சுமை. காலை ஏழு மணிக்கு வீட்டில் "ட்ரிப் ஆயிடுச்சு" என்று குரல் கேட்பது இப்படிச் சுமை ஏறும்போதுதான். ஒரு சர்க்யூட்டில் 16 ஆம்பியர் பாயிண்ட் இரண்டுக்கு மேல் கூடாது என்பது நம் வயரிங் நடைமுறையில் பழைய ஒழுங்கு. சமையலறைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இரண்டு தனி லைன் இழுத்து, மேடையின் ஒரு பாதி ஒன்றிலும் மறுபாதி இன்னொன்றிலும் வந்தால் தொல்லை தீரும். ஃபிரிட்ஜுக்குத் தனி லைன் வேண்டும். அவசரத்துக்கு மேடை லைனை அணைத்தாலும் பால் கெடாது.

ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் போன்று இடம் மாறாத பொருள்களுக்குப் பின்னால் பிளக் வைத்துவிட்டு, பிறகு பொருளை இழுக்க முடியாமல் தவிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பொதுப்பணித் துறை விவரக்குறிப்பு, வேறு சொல்லாத வரை ஸ்விட்ச் பிளக்கோடு சேர்ந்தே இருக்கட்டும் என்கிறது. இந்த மூன்று நான்கு பொருள்களுக்கு வேறாகச் சொல்லுங்கள்: பிளக் பொருளின் பக்கவாட்டில், ஸ்விட்ச் கண்ணில் படும் இடத்தில்.

தரைமட்ட பிளக் பற்றி நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாறு கரை புரண்டபோது, அனகாபுத்தூர், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தள வீடுகளில் நீர் இடுப்பளவு நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தாம்பரம் சுற்றுவட்டாரம் மறுபடி நனைந்தது. தரையிலிருந்து ஒன்பது அங்குலத்தில் இருக்கும் ஃபிரிட்ஜ் பிளக் முதலில் மூழ்கும். பம்மல் மேட்டில் இருப்பவர்களுக்கு இது தேவையில்லை. ஆற்றுப் பக்கம் சரியும் தெருக்களில் தரைத்தளம் கட்டுகிறவர்கள் தரைமட்ட பிளக் எல்லாவற்றையும் நாலடிக்கு மேல் ஏற்றி, தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி மெயின் வைத்துக்கொண்டால், கீழே நீர் வந்த இரவில் மேலே விளக்கு எரியும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் பாதி எட்டாக்கனி. சுவரைத் தொட வீட்டுக்காரர் விடமாட்டார். அவர்களுக்கு நான் சொல்வது: எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேடையில் கிடத்தாதீர்கள், சுவரில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் இரண்டு ஆணியில் மாட்டுங்கள். மூன்று முள் உள்ளதாக, எர்த் உண்மையில் வருவதாக வாங்குங்கள். இண்டக்‌ஷனை மட்டும் அதில் செருகாமல் சுவர் பிளக்கிலேயே நேரடியாக. வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கேளுங்கள். உடல் வழியே மின்சாரம் கசியும்போது உயிரைப் பறிக்கும் முன் லைனைத் துண்டிப்பது அதுதான். எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. பிளக்கை எவ்வளவு சரியான இடத்தில் வைத்தாலும் ஈரக் கை ஒரு நாள் அதைத் தொடத்தான் செய்யும். எங்கள் பழைய வீட்டில் அன்றைக்கு இருந்த குறை இடம் மட்டுமில்லை. கிரைண்டரின் மூன்றாவது முள் போன துளைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை என்பது போர்டைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது.

சென்ற ஆண்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டினோம். பைப் பதிக்கச் சுவரில் காடி அடிக்கும் நாளுக்கு முதல்நாள் அம்மாவை நாற்காலியோடு மேலே அழைத்துப்போய், செங்கல் சுவரில் மேடை மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டேன். அடுப்பு, சிங்க் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி ஒட்டினேன். அம்மா எழுந்து நின்று, அரைப்பது போலக் கையை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று இரண்டு இடம் தொட்டார். கிரைண்டருக்கு நான் குறித்திருந்த இடத்தை மாற்றினார். மாவு வழிக்கும்போது இடது கை அங்கே இடிக்கும் என்றார். ஒன்பது அங்குலத்துக்கு ஸ்கேல் வைத்துக் குறித்தோம். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் போட்டே வச்சிட்டீங்களா" என்று கேட்டு மெஷினை ஓட்டினார். பைப் பதித்ததும், பூச்சுக்கு முன்னால், ஒவ்வொரு சுவருக்கும் டேப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வைத்தேன். எட்டு மாதம் கழித்து மேல் அலமாரி மாட்ட வந்த கார்பெண்டர் ட்ரில்லை எடுக்கும் முன் முதலில் கேட்டது அந்தப் போட்டோவைத்தான்.